சதுரமும் பகுதியும்: எல்லையோரப் பிள்ளைகள் தடுமாறும் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை நான். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பாடம் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் தொடக்க வகுப்புகளைத் தமிழில் படித்துவிட்டு, பக்கத்தில் தமிழ்ப் பிரிவு இல்லாத காரணத்தால் மேல் வகுப்புக்கு மலையாளப் பிரிவிலோ ஆங்கிலப் பிரிவிலோ சேர்ந்தவர்கள். கணக்கு வரவில்லை என்று பெற்றோர் கொண்டுவந்து விடும் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. கணக்கின் சொற்களில்தான் அவர்கள் இடறி விழுகிறார்கள் என்பதை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. உள்ள ‘சதுர’த்தின் பரப்பளவு என்ன என்று மலையாளத்தில் கேட்டிருந்த கேள்விக்கு அவன் விடையே எழுதவில்லை. காரணம் கேட்டபோது, “டீச்சர், சதுரத்துக்கு நாலு பக்கமும் ஒண்ணாத்தானுங்க இருக்கணும்? கேள்வியே தப்புங்க” என்றான். தமிழைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மலையாளத்தில் சதுரம் என்பது நாம் செவ்வகம் என்று சொல்லும் வடிவம். நம்முடைய சதுரத்துக்கு அங்கே சமசதுரம் என்று பெயர். எட்டையும் ஐந்தையும் பெருக்கினால் நாற்பது என்பது இரண்டாம் வகுப்பிலேயே அவனுக்குத் தெரியும். அவனுக்கு மதிப்பெண் போனது, ஒரே ஒலியுள்ள சொல்லுக்கு இரு மொழிகளிலும் பொருள் வேறு என்பதை அவனிடம் யாரும் சொல்லாததால்தான்.

இன்னொரு சிறுமியிடம், பன்னிரண்டின் ‘பகுதி’ எவ்வளவு என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒன்று என்று சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. மலையாளத்தில் பகுதி என்றால் பாதி. ஆகவே அங்கே எதிர்பார்த்த விடை ஆறு. தமிழிலோ பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். முழு எண்ணைப் பின்னமாக எழுதினால் பகுதி ஒன்றாகும் என்று தமிழ் வகுப்பில் கற்றதை நினைவில் வைத்திருந்துதான் அவள் அப்படிச் சொன்னாள். நன்றாகப் படித்ததற்காகவே சிரிப்புக்கு ஆளான அந்தக் குழந்தை அதன் பிறகு வகுப்பில் வாய் திறக்கவே தயங்கினாள். எனக்கு இது பெரிய வருத்தம்.

முழுக்க வேறாக ஒலிக்கும் சொற்களால் இவ்வளவு தொல்லை இல்லை. பெருக்கலைக் குணனம் என்றும், வகுத்தலை ஹரணம் என்றும், பின்னத்தின் மேலெண்ணான தொகுதியை அம்சம் என்றும் கேட்கும்போது, இது புதுச்சொல் என்று பிள்ளை உடனே உணர்ந்து பொருள் கேட்கிறது. பரப்பளவு, ஆரம் போன்றவை இரு மொழிக்கும் பொது. நம் சுற்றளவும் நாணும் அங்கே சற்றே உச்சரிப்பு மாறி அதே பொருளில் வழங்குகின்றன. பார்த்த முகமாக வந்து வேறு பொருள் தரும் சொற்கள்தாம் ஆபத்தானவை. அவற்றைத் தனியே எடுத்துச் சொல்லாமல் பாடம் நடத்துவது சரியல்ல.

இதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லையாவது அதன் பொருளோடு கற்பிக்க வேண்டும். ‘பின்னத்தின் மேலெண் தொகுதி, கீழெண் பகுதி’ என்று ஒப்பிக்க வைத்தால் அடுத்த வாரமே மேலும் கீழும் மாறிவிடும். பகுப்பதால் பகுதி, தொகுப்பதால் தொகுதி என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர் பனங்காட்டு ஊர்; நுங்குக் காய் ஒன்றை வெட்டி மூன்று கண்களையும் காட்டி, காய் எத்தனையாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பேன். மூன்று. இரண்டைத் தோண்டித் தட்டில் வைத்தால் தொகுத்தது இரண்டு. மூன்றில் இரண்டு என்பதை எழுதத் தெரிந்த பிறகு எந்தப் பிள்ளையும் மேலெண்ணையும் கீழெண்ணையும் மாற்றி எழுதியதில்லை. முக்கால் என்ற அன்றாடச் சொல்லிலும் இதே கணக்கு இருக்கிறது: கால் என்பது பகுத்த அளவு, மூன்று என்பது தொகுத்த எண்ணிக்கை. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. பின்னப் பெருக்கலின் கருத்து முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

வட்டத்துக்கு வந்தாலும் அப்படித்தான். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் ஏன் ஒரே நீளம் என்று கேட்டுவிட்டு ஆரத்தைக் கற்பிக்கலாம். ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் விட்டத்தை அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு, வட்டத்தை மையம் வழியே குறுக்காகக் கடக்கும் கோட்டுக்கும் அதே பெயர் என்பது மறக்காது. வில்லும் நாணும் சொல்லாமலே விளங்கும்.

சொல்லின் பொருள் மட்டுமே போதும் என்று நான் வாதிடவில்லை. பகா எண் என்றால் பகுக்க முடியாதது என்று விளக்கியதும், அப்படியானால் ஒன்றும் பகா எண்தானே என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். சரியாக இரண்டே வகுத்திகள் உடையதுதான் பகா எண் என்ற வரையறையை அப்போதுதான் தர வேண்டும். ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பன்னிரண்டை 2×2×3 என்று ஒரே விதமாகப் பிரிக்க முடியாமல், முன்னால் எத்தனை ஒன்றுகளை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம் என்று காட்டினால், வரையறை ஏன் அப்படி அமைந்தது என்பதும் விளங்கிவிடும்.

சொற்களைச் சுருக்கிச் சொல்வதால் வரும் கேடு வேறு. மீச்சிறு பொது மடங்கைக் குறிக்கும் ‘லகுதம சாதாரண குணிதம்’ மலையாளத்தில் ‘லசாகு’ என்று சுருங்கிவிட்டது. பிள்ளைகள் அதை மளமளவென்று கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் பொள்ளாச்சிப் பேருந்து 12 நிமிடத்துக்கு ஒன்றும், பாலக்காட்டுப் பேருந்து 18 நிமிடத்துக்கு ஒன்றுமாகப் புறப்பட்டு, எட்டு மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். மடங்கு என்ற சொல் காதில் விழுந்திருந்தால் 8.36 என்று உடனே சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் கற்பித்துவிட்டால் இந்தக் குழப்பமே இராது என்பவர்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லும் கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் பொருள் தெரியாமல் ஏற்கும் ஒலி எந்த மொழியில் இருந்தாலும் வெறும் ஒலிதான். ஏறத்தாழ 1530-இல் கேரளக் கணித அறிஞர் ஜ்யேஷ்டதேவர், தமக்கு முந்தைய அறிஞரான மாதவரின் முடிவிலாத் தொடர்களுக்கு ‘யுக்திபாஷா’ என்ற நூலில் நிறுவல் எழுதியபோது, சமஸ்கிருதத்தை விட்டு மலையாள உரைநடையைத் தேர்ந்தார். உயர்ந்த கணிதத்தையே தாய்மொழியில் காரணம் சொல்லி விளக்கிய மண் இது.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. கேரள அரசும் தமிழில் பாடநூல்களை அச்சிட்டுத் தருகிறது. அந்த நூல்களில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அந்தப் பாடத்துச் சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று வரிசையில் அச்சிட வேண்டும். சதுரம், பகுதி போன்ற சொற்களுக்கு எதிரே பொருள் வேறு என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அதே பட்டியல் மலையாளப் பிரிவின் ஆசிரியர் கையிலும் இருந்தால், எழுதாமல் விட்ட பையன் ஏன் எழுதவில்லை என்பது அவருக்கும் புரியும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் வாரம் ஒரு சொல்லுக்கு நான்கு வரி இடம் ஒதுக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் தடுமாறிய சொற்களை நாள்தோறும் குறித்துவைத்த நோட்டு ஒன்று என்னிடம் உள்ளது. அதன் நகலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சதுரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.