பினாங்குத் துறையில் உனக்குக் கிடைக்கும் ஏழு மணி நேரம்

சுங்கை சிப்புட், பேராக்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நீ அனுப்பிய கப்பல் பயண அட்டவணையைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்து, தோட்டத்தில் ஆள் வருகையைக் குறிக்கும் பழைய செக்ரோல் புத்தகத்தின் வெற்றுத் தாளில் நேரங்களையெல்லாம் எழுதிவைத்துக்கொண்ட பிறகே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் ஏறும் கப்பல் காலை 9 மணிக்குப் பினாங்கை அடைந்து மாலை 6 மணிக்குப் புறப்படுவதால், இடைப்பட்ட நேரத்தில் ஒரு கார் பிடித்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, எல்லோரும் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக்காட்டிய அன்றே உன் அம்மா நல்ல பாத்திரங்களை மேல்தட்டிலிருந்து இறக்கிவிட்டாள். ஆனால் நான் சொல்லப்போவது வேறு. அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் என் கணக்கைப் பார்.

9 மணி என்பது கப்பல் துறையில் கட்டும் நேரமே தவிர, நீ தரையில் கால் வைக்கும் நேரம் அன்று. அதிகாரிகள் அனுமதி தந்த பிறகுதான் இறங்கும் வழியைத் திறப்பார்கள். அதன் பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பார்கள். கைக்குழந்தையோடும் கேள்வி மேல் கேள்வி கேட்கும் பேரனோடும் வெளிவாசலுக்கு வந்துசேர 10 மணி ஆகும் என்று வைத்துக்கொள். மாலையில் 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் 5 மணிக்கெல்லாம், சிலவற்றில் 5:30 மணிக்கெல்லாம், பயணிகள் அனைவரும் ஏறியிருக்க வேண்டும். ஆக உனக்கு உண்மையில் கிடைப்பது ஒன்பது மணி நேரமல்ல, ஏழு. அங்கிருந்து, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து நெடுஞ்சாலை வழியாக நம் வீடு சுமார் 130 கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தாலும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தைப் பாலத்து நெரிசலோ, பிற்பகல் மழையோ, ஒரு லாரி கவிழ்ந்ததோ விழுங்கிவிட்டால் உங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. உன் அம்மாவோ சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறுவாள்.

நான் வீணாகப் பயமுறுத்துவதாக நினைக்காதே. நீ பிறப்பதற்கு முன்பு, 1983இல், உன் பாட்டி 'சிதம்பரம்' கப்பலில் தமிழ்நாட்டுக்குப் போனபோது அவரை வழியனுப்பப் பினாங்குக்குச் சென்றவன் நான். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது; அதற்கு முன் கார் தீவுக்குப் போவதென்றால் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு (கடலைக் கடக்கும் படகுக்கு) வரிசை பிடித்தே தீர வேண்டும். வரிசை எவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. வெயிலில் காருக்குள் பாட்டி அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கடைசியில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, ஏறும் வழியை எடுப்பதற்குச் சற்று முன்புதான் அவரை ஏற்றினேன். அவசரத்தில் சரியாக விடைபெறக்கூட இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகையால் இம்முறை நாங்களே வருகிறோம். இங்கிருந்து இடிஎஸ் என்னும் விரைவு மின்ரயிலில் முந்திய நாளே பட்டர்வொர்த் வந்து, உன் சித்தி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் ஃபெரியில் கடலைக் கடந்துவிடுவோம். புதிய படகுகள் 2023 முதல் ஓடுகின்றன. இப்போது அவற்றில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். தீவில் இறங்கினால் பெங்காலான் வெல்ட் சாலையோரமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் உங்கள் கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறைமேடை வந்துவிடும். அந்தத் துறைமேடை நகரத்தின் மத்தியிலேயே இருப்பதுதான் உன் அதிர்ஷ்டம். கிள்ளான் துறைமுகமாக இருந்திருந்தால் கோலாலம்பூருக்குள் போய்வருவதற்கே நிறைய நேரம் போயிருக்கும்.

பினாங்கு உனக்குப் புதியதா என்று நீ சிரிக்கலாம். ஆனால் நாம் போனதெல்லாம் தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் நகர நடுவில் கொம்தார் கட்டடத்தருகே இறங்கித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனதுதான். கடல் பக்கமிருந்து அந்த ஊருக்குள் நுழைந்து நீ பார்த்ததில்லை. மாப்பிள்ளையோ எந்தப் பக்கமிருந்தும் பார்த்ததில்லை. வாசலைவிட்டு வெளியே வந்தவுடன் டாக்சிக்காரர்கள் பட அட்டைகளைக் காட்டிக்கொண்டு சூழ்ந்துகொள்வார்கள். யாரோடும் பேரம் பேச வேண்டாம். சாலையின் அந்தப் பக்கம் வெள்ளை மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடியில் கட்டியது. போர்க்காலத்துக் குண்டு விழுந்ததில் சற்றே சாய்ந்திருக்கிறது என்பார்கள். பேரனைக் கண்டுபிடிக்கச் சொல்.

முதலில் லெபோ குயினில் (லெபோ என்றால் தெரு) இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். 1833இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலுக்கு, மணிக்கூண்டுக்குப் பக்கத்திலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கமிருந்து நடந்தே போய்விடலாம். அதை முதலில் வைத்திருப்பது பக்தியால் மட்டுமல்ல: உச்சிகாலப் பூஜைக்குப் பின் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள், அப்போது நீ கப்பலில் இருப்பாய். புதிய ஊரில் ஒரு நாள் மட்டும் இருப்பவர்கள், எது எப்போது மூடும் என்பதை வைத்துத்தான் வரிசையை அமைக்க வேண்டும். எது அதிக அழகு என்பதை வைத்து அல்ல. கோயிலுக்கு அடுத்த தெருக்களே லெபோ பசார் பக்கத்து நம்மவர் கடைகள். பூக்கடை, துணிக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கேயே உண்டு. வெயில் ஏறியபின் உண்ண உட்கார்ந்து, அவசரப்படாமல் பேசிக்கொண்டிருப்போம். பிறகு குழந்தைகள் விழித்திருந்தால் லெபோ ஆர்மேனியனில் சைக்கிளோட்டும் சிறுவர்களின் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கால் வலித்தால் நகருக்குள் சுற்றும் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறது.

மாப்பிள்ளை பினாங்குக் கொடிமலைக்குப் போக ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். 1923 முதல் மலை ரயில் ஓடும் இடம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை நகர நெரிசலில் போய், அங்கே ரயிலுக்கு வரிசையில் நின்று, மேலே ஏறும்போது மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? தண்ணீர்மலையின் 513 படிகளை நண்பகல் வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் அப்படித்தான். மலைகள் இரண்டையும் இன்னொரு முறைக்கு விட்டுவிடுங்கள். 3:30 மணிக்குப் பிறகு துறைமேடையிலிருந்து நடக்கும் தூரத்துக்கு அப்பால் யாரும் போகக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதில் விலை அதிகம். ஆனால் அவர்கள் பேருந்து பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிந்தியவர்கள் தம் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடந்தே திரும்பக்கூடிய பினாங்கில் உனக்குச் சுற்றுலா தேவையில்லை. எனினும் இறங்கும் முன், கப்பலில் தினமும் தரும் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைக் கையில் எழுதிவைத்துக்கொள். கடப்பிதழைக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டுமா, மாப்பிள்ளையும் குழந்தைகளும் வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பதால் மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டுமா என்பதை இப்போதே கப்பல் நிறுவனத்திடம் கேட்டுவிடு.

அடுத்த நாள் புக்கெட் என்று போட்டிருக்கிறது. எனக்கு அந்த ஊர் தெரியாது. ஆனால் தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உன் கைத்தொலைபேசி தானாக மாறி 4 என்று காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும். 1982 ஜனவரி 1ஆம் தேதி இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது, பழைய மணியை நம்பிப் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்து அன்றைய பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள். புக்கெட்டின் பாத்தோங் கடற்கரையில் கப்பல் கரைக்கு வராமல் கடலில் நின்றால் சிறு படகில்தான் போய்வர வேண்டும். கடைசிப் படகுக்கு நிற்காமல் அதற்கு முந்தியதில் திரும்பிவிடு.

அம்மா முறுக்கும் நாரத்தங்காய் ஊறுகாயும் கறிவேப்பிலைக் கன்றும் கட்டித் தருவதாக இருக்கிறாள். வீட்டில் செய்த உணவைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்றும், கன்றை நீ அறிவிக்காமல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் அபராதம் விழும் என்றும் சொல்லிப் பார்த்தேன். கன்றை மட்டும் விட்டுக்கொடுத்தாள். முறுக்கை அங்கேயே தின்று தீர்க்க வேண்டியதுதான்.

கடல் சரியில்லை, துறையில் இடமில்லை என்று கப்பல் பினாங்கைத் தாண்டிப் போய்விடுவதும் உண்டு. டிக்கெட்டில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். அப்படி நேர்ந்தால் எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. சித்தி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம். நடுக்கடலில் கைத்தொலைபேசிக் கட்டணம் அதிகமாகும் என்பதால், கப்பலின் இணையத்தில் ஒரு வரி செய்தி மட்டும் அனுப்பு.

நாங்கள் 9:30 மணியிலிருந்து மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கோட்டைச் சுவரோரம் மர நிழலில் நிற்போம். மணிக்கூண்டு நாற்சந்தி வட்டத்தின் நடுவில் இருப்பதால் குழந்தைகளோடு அங்கே குறுக்கே வராதே. எங்களைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே கையசை, நான் வந்து கூட்டிப்போகிறேன். அம்மா மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு வருவாள். என் கையில் பெரிய கறுப்புக் குடை இருக்கும்.

அன்புடன்,
அப்பா