டயாஃப்ரம் சுவரின் பேனல் இணைப்பில் மணலோடு நீர் வருவது குறித்த புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் நலச் சங்கம்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
அடித்தளப் பணிகள் ஒப்பந்த நிறுவனம்,
சென்னை.

பொருள்: 7, 8ஆம் பேனல்களுக்கு இடையிலான இணைப்பில் மணலோடு நீர் வருவது, பக்கத்து மனையில் நிலம் இறங்குவது, இணைப்புகளைச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து பலப்படுத்தித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சங்கத்தின் 28 குடும்பங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே மனையில் புதிய கட்டடம் எழுப்பி வருகிறோம். அதன் இரண்டு அடுக்கு பேஸ்மென்டுக்காக மனையைச் சுற்றி 132 மீட்டர் நீளத்துக்கு, 600 மில்லிமீட்டர் தடிமனிலும் 16 மீட்டர் ஆழத்திலும், 22 பேனல்களாக (துண்டுகளாக) டயாஃப்ரம் சுவர், அதாவது தோண்டும் முன்பே மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தடுப்புச் சுவர், அமைத்துத் தந்தது தங்கள் நிறுவனம். பேஸ்மென்ட் தோண்டும் பணி 7.5 மீட்டர் ஆழத்தை எட்டிய நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து 7, 8ஆம் பேனல்கள் சேரும் இணைப்பில் நீர் வருகிறது. மூன்று முறை நேரிலும் இரண்டு முறை மின்னஞ்சலிலும் தெரிவித்தோம். கடைசியாக வந்த பதிலில் தங்கள் திட்ட மேலாளர், "டயாஃப்ரம் சுவரில் ஓரளவு கசிவு இயல்பானதே, ராஃப்ட் (அடித்தளக் கான்கிரீட் தளம்) போட்டு, உட்புறச் சுவர் எழுப்பினால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை எங்களால் ஏற்க முடியாததால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தடுப்பணைகளின் அடியில் நீர் ஊடுருவாமல் இறக்கப்படும் தடுப்புச் சுவர்களோடு பல ஆண்டுகள் பழகியவன். டயாஃப்ரம் சுவர் முழுக்க உலர்ந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு பேனலும் தனித்தனியாகத் தோண்டப்பட்டு, தனித்தனியாகக் கான்கிரீட் ஊற்றப்படுகிறது. கம்பிக்கூடு பேனலின் ஓரத்துக்குச் சற்று முன்பாகவே நின்றுவிடுவதால் இணைப்பைக் கடந்து ஒரு கம்பிகூடச் செல்வதில்லை. மேலே ஓடும் கேப்பிங் பீம் என்ற கான்கிரீட் உத்திரம் மட்டுமே 22 பேனல்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கான்கிரீட் முகம் மற்றொன்றோடு ஒட்டி நிற்பது மட்டும்தான் அங்கே இருக்கும் பிணைப்பு. ஆகவே இணைப்பில் ஈரம் பூப்பதும், ஒரு கோடு போல நீர் இறங்குவதும் இயல்பு என்றால் ஒப்புக்கொள்வேன். மணல் வருவதை இயல்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தங்கள் பொறியாளர்கள் யாரும் செய்யாததால் நானே செய்த ஒரு சிறு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். தரையிலிருந்து 6 மீட்டர் ஆழத்தில், கசியும் இடத்துக்கு நேர் கீழே 15 லிட்டர் கொள்ளும் வெள்ளை வாளி ஒன்றை வைத்தேன். 4 நிமிடத்தில் நிரம்பியது. தொடாமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, மேலே தெளிந்த நீரை மெல்லச் சாய்த்து ஊற்றிய பிறகு அடியில் மாவு போன்ற சாம்பல் நிற நுண்மணல் படிந்திருந்தது. அளந்தபோது அரை டம்ளர், அதாவது ஏறத்தாழ 100 மில்லி. வாரம் ஒரு முறை செய்து பார்த்தேன். அளவு பெரிதாக மாறவில்லை. ஒரு நாளைக்கு 360 வாளி, 36 லிட்டர் மணல். தாங்கள் இணைப்புக்குள் பசையை ஊசி மூலம் செலுத்திக் கசிவு நின்றிருந்த நாட்களைக் கழித்துவிட்டு 40 நாள் கணக்கிட்டால் 1,440 லிட்டர். நம் ஊரில் மணல் வாங்கும் கணக்கில் அது அரை யூனிட். அரை யூனிட் மணல் எங்கள் சுவருக்குப் பின்னால் இருந்த இடத்தில் இப்போது இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

விடையில் ஒரு பகுதியைப் பக்கத்து மனையிலேயே பார்க்கலாம். அந்த வீட்டின் சுற்றுச்சுவர் எங்கள் சுவரிலிருந்து 1.8 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 7, 8ஆம் பேனல்களுக்கு எதிரே அச்சுற்றுச்சுவரில் நவம்பர் இறுதியில் தோன்றிய விரிசலில் அப்போது ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்த முடிந்தது. இப்போது என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது. முற்றத்தில் உள்ள துளசி மாடம் எங்கள் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்த வீட்டில் தனியாக வசிக்கும் அம்மா எழுபது வயதைக் கடந்தவர். காலையில் மாடத்துக்கு நீர் ஊற்றினால், முன்பெல்லாம் சுற்றி நின்று ஊறிய நீர் இப்போது ஒரு பக்கமாக ஓடி உடனே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது என்று அவர்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "சார், கீழே பொந்து விழுந்திருக்குமோ?" என்று கேட்டார். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் 2.5 மீட்டரில் நிற்கிறது. 7.5 மீட்டர் தோண்டிய குழியின் அடியில், சுவருக்கு வெளியே 5 மீட்டர் உயர நீர் அழுத்துகிறது. சதுர மீட்டருக்கு 5 டன். அந்த அழுத்தத்தில் நீர் நுண்மணலை அரித்துக்கொண்டு ஓர் இடுக்கில் வெளியேறத் தொடங்கினால், அந்த அரிப்பு நீர் வரும் திசையை நோக்கிக் குழாய் போலப் பின்னோக்கி வளரும். அணைக்கட்டுகளில் நாங்கள் எல்லாவற்றையும்விட அஞ்சுவது இதைத்தான். முதல் நாள் தெளிந்த ஊற்றாக இருக்கும், பிறகு கலங்கும், பிறகு ஒரே நாளில் கைமீறிப் போகும். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று நகர ஆவணக் காப்பகக் கட்டடமே சரிந்து, அருகிலிருந்த வீடுகளில் இருவர் உயிரிழந்ததைத் தங்கள் நிறுவனத்தில் அறியாதவர் இருக்க முடியாது. மெட்ரோ ரயிலுக்காக அங்கே தோண்டிய குழியின் டயாஃப்ரம் சுவரில் ஒரே ஒரு பேனல் பழுதாக இருந்தது. ஆழத்தில் குறுக்கிட்ட ஒரு பாறையை அகற்றாமல் விட்டதால் கான்கிரீட் சேராமல் போன அந்த இடத்தின் வழியே மணலும் நீரும் குழிக்குள் பாய்ந்ததே காரணம் என்று பின்னர் நிபுணர்கள் கண்டறிந்தனர். எங்கள் குழி அதைப் போல ஆழமானதல்ல. அதே அளவு ஆபத்து இங்கே இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மண்ணும் நீரும் நடந்துகொள்ளும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

இந்த இணைப்பு ஏன் பழுதானது என்பதற்குத் தங்கள் பதிவேடே சாட்சி. 7ஆம் பேனலுக்குக் கான்கிரீட் ஊற்றி 11 நாள் கழித்துத்தான் 8ஆம் பேனல் தோண்டப்பட்டது. அத்தனை நாளில் 7ஆம் பேனலின் ஓர முகத்தில் பென்டோனைட் களியும் (தோண்டும் குழி சரியாமல் தாங்க நிரப்பும் கரைசலின் களி) மண்ணும் தோல் போல ஒட்டிக் கெட்டிப்பட்டிருக்கும். அதைக் கிராபோடு (குழி தோண்டும் இயந்திர வாளியோடு) பொருத்திய எஃகுத் தூரிகையால் மேலிருந்து அடிவரை தேய்த்து எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற 21 இணைப்புகளுக்கும் தேய்த்த நேரம் பதிவாகியிருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 8ஆம் பேனலில் கம்பிக்கூட்டை இறக்கிய பிறகு கான்கிரீட் வண்டிகள் வராமல் 19 மணி நேரம் குழி அப்படியே நின்றது. அன்று இரவு நான் அங்கேதான் இருந்தேன். அத்தனை நேரம் காத்திருந்த பென்டோனைட் கரைசலில் மிதந்த மணல் அடியிலும் ஓரங்களிலும் படிந்திருக்கும் என்பதால், கான்கிரீட் ஊற்றும் முன் கரைசலை மாற்றி, மணல் அளவு 4 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மறுபடி சோதிக்கும்படி கேட்டேன். "காலையில் பார்த்தோம் சார், 3 சதவீதம்தான்" என்றார் தங்கள் மேற்பார்வையாளர். காலையில் பார்த்தது காலையில் இருந்த கரைசலை. கான்கிரீட்டை அடிவரை கொண்டு செல்லும் டிரெமி குழாயிலிருந்து மேலேறி வந்த கான்கிரீட் அந்தப் படிவை முழுவதும் தள்ளிக்கொண்டு வர முடியாமல் இணைப்பின் மூலையில் ஒதுக்கிவிட்டது என்றே கருதுகிறேன். இப்போது கசியும் இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்தபோது கான்கிரீட் வராமல் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சோப்புக் கட்டி போன்ற களிதான் வந்தது. தங்கள் ஆட்கள் முன்னிலையிலேயே இதைச் செய்தேன்.

இதுவரை தாங்கள் செய்த பரிகாரம் மூன்று முறை உட்புறத்திலிருந்து பாலியூரித்தேன் ஊசி போட்டது. முதல் முறை இரண்டு நாளும், அடுத்த முறை மூன்று நாளும், கடைசி முறை ஒரு வாரமும் நீர் நின்றது. ஒவ்வொரு முறையும் அடைத்த இடத்துக்கு அரை மீட்டர் மேலேயோ கீழேயோ புதிதாகத் திறந்துகொண்டது. நீர் பட்டதும் நுரைத்து உப்பும் அந்தப் பசை சிறு விரிசலை அடைக்க நல்லது, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் களி நிறைந்த இணைப்புக்கும், பின்னால் மண் கரைந்துபோன வெற்றிடத்துக்கும் அது மருந்தாகாது. உட்புறத்தில் 200 மில்லிமீட்டர் சுவர் எழுப்பி மறைத்துவிட்டால் கசிவு எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பக்கத்து வீட்டு மண் நகர்வது நிற்குமா?

ஆகவே எங்கள் கோரிக்கைகளை வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். முதலாவதாக, நாளையே அந்த இணைப்பின் உட்புறத்தில் நீரை அடைக்காமல் மணலை மட்டும் நிறுத்தும் வடிகட்டி போட வேண்டும். பருமணல், அதன்மேல் சிறுசல்லி, அதன்மேல் பெருஞ்சல்லி என்ற வரிசையில் அடுக்கி, மணல் மூட்டைகளால் முட்டுக்கொடுத்தால் நீர் தெளிந்து வரும். மணல் வரும் ஊற்றின் வாயை மட்டும் மூடினால் அது வேறு வாய் தேடும் என்பது அணையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். வடிகட்டி போட்டு முடியும்வரை அந்தப் பக்கம் ஓர் அடிகூட மேற்கொண்டு தோண்டக் கூடாது.

அடுத்து, சுவரின் வெளிப்புறத்தில், இணைப்பின் இரு பக்கமும் துளையிட்டு மண் எந்த ஆழத்தில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சோதித்து, அந்த முடிவை எங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் எழுத்தில் தர வேண்டும். அதன் பிறகே இணைப்பை வெளியிலிருந்து பலப்படுத்தும் வேலை. ஜெட் கிரவுட்டிங் செய்யலாம் என்று தங்கள் மேலாளர் பேச்சுவாக்கில் சொன்னார். பல நூறு பார் அழுத்தத்தில் மண்ணை வெட்டிக் கலக்கிச் சிமென்ட் தூண் உருவாக்கும் அந்த முறை இணைப்புக்குப் பின்னால் நல்ல அரணாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த மண்ணில், 1.8 மீட்டர் தள்ளி ஒரு பழைய வீட்டின் சுற்றுச்சுவர் நிற்கும் இடத்தில், அந்த அழுத்தம் தரையைத் தூக்கிவிடவோ மேலும் இறக்கிவிடவோ கூடும். எனவே முதலில் கலவையைச் செலுத்தும் வால்வுக் குழாய்கள் இறக்கி, குறைந்த அழுத்தத்தில், கட்டம் கட்டமாக வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். சாதாரணச் சிமென்டின் துகள் எங்கள் நுண்மணலுக்குள் புகாது. நுண்துகள் சிமென்டோ சோடியம் சிலிக்கேட்டோ பயன்படுத்த வேண்டும். அடி வழியாக நீர் சுற்றி வராமலிருக்க, பேஸ்மென்டின் தரைமட்டத்துக்குக் கீழும் குறைந்தது 3 மீட்டர்வரை இது செல்ல வேண்டும். அதன் பிறகும் ஜெட் கிரவுட்டிங் தேவை என்றால், வீட்டின் சுவரிலும் தரையிலும் அளவுக் குறிகள் பதித்து, ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டே செய்யலாம்.

வெளிப்புறம் உறுதியான பிறகு, இணைப்பில் உள்ள களியை நல்ல கான்கிரீட் தெரியும்வரை வெட்டியெடுத்து, இரு பேனல்களிலும் துளையிட்டுக் கம்பிகளை ரசாயனப் பசையால் பதித்து, இணைப்பைக் கடந்து ஓடும் கம்பிகளோடு சுருங்காத கான்கிரீட்டால் நிரப்பித் தைக்க வேண்டும். ஈரம் மட்டும் தெரியும் 13, 14ஆம் பேனல்களின் இணைப்பையும் இதே கண்ணோடு ஆராய வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு பார்வையிடல் அறிக்கை போதும்.

இவை எல்லாவற்றின் செலவும் தங்கள் நிறுவனத்தையே சேரும் என்பதையும், பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவரையும் முற்றத்தையும் துளசி மாடத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் தாங்கள் அனுப்பிய இறுதிப் பட்டியலிலும் பிடித்தம் செய்த தொகையை விடுவிக்கும் கோரிக்கையிலும் சங்கம் கையொப்பமிடவில்லை. வேலை முடிந்து, அடுத்த வடகிழக்குப் பருவமழையை அந்த இணைப்பு தாங்கிய பிறகே அதைப் பற்றிப் பேசுவோம் என்று பொதுக்குழு முடிவெடுத்திருக்கிறது.

8ஆம் பேனலின் கான்கிரீட் பதிவேடு, பென்டோனைட் சோதனைத் தாள்கள், பேனலின் ஓரத்தை வடிக்க வைக்கும் ஸ்டாப்-எண்ட் குழாயை உருவிய நேரம் ஆகியவற்றின் நகல்களை மூன்று நாட்களுக்குள்ளும், பரிகாரத் திட்டத்தை ஏழு நாட்களுக்குள்ளும் எழுத்தில் அனுப்பக் கோருகிறேன். வடிகட்டிக்கு மட்டும் அந்த அவகாசம் கிடையாது. நாளை காலை 7 மணிக்குத் தங்கள் பொறியாளர் ஒருவர் சல்லியோடும் மணல் மூட்டைகளோடும் வந்தால் நானும் உடன் இருந்து உதவுவேன். இன்று காலை வைத்த வாளியில் மணல் 120 மில்லி இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் நலச் சங்கம்,
திருவான்மியூர்.

இணைப்பு: வாளிச் சோதனையின் தேதிவாரிக் குறிப்பு, சுற்றுச்சுவர் விரிசலின் படங்கள், 7, 8ஆம் பேனல்களின் பதிவேட்டு நகல்.