செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கொருமுறை கூட வேண்டிய பொதுக்குழுவில் நம் கால்பந்து மன்றத்தின் அறிக்கையை வாசிக்கிறேன்.

பொங்கல் போட்டி, கோடைப் பயிற்சி முகாம், சுதந்திர தின ஆட்டம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. நட்பு ஆட்டத்துக்கு ஏற்காடு போய்வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவில் சின்னப் பிள்ளைகள் சிலருக்கு வாந்தி, மற்றபடி குறையில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை மன்றத்தின் வரலாற்றைத் தொகுப்பது. "பழைய கதை எதற்கு, அந்த நேரத்தில் ஸ்பான்சர் பிடிக்கலாமே" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். மன்றத்தைத் தொடங்கியவர்களில் இன்று இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இப்போது கேட்காவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. பென்சில் எழுத்து, பல பக்கங்களில் தேதி இல்லை. ஆனால் புள்ளிப் பட்டியலில் வெற்றிக்கு 2 புள்ளி போட்டிருக்கிறது. உலகக் கோப்பையிலேயே 3 புள்ளி வந்தது 1994இல்தான். ஆகவே அந்தப் பக்கங்கள் அநேகமாக அதற்கு முந்தியவை. அப்புறம், நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன்பு மாவட்ட அளவில் பரிசு வாங்கிய நம் பையன்கள் ராசிபுரம், திருச்செங்கோடு எல்லாம் சேர்ந்திருந்த பெரிய சேலம் மாவட்டத்தில் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ்களை இன்றைய கணக்கில் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது சந்தாப் பக்கங்களைத்தான். தறிக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கும் வேலைக்குப் போன பையன்கள் கூலி வாங்கிய கையோடு சந்தா கட்டியிருக்கிறார்கள். காசு தர முடியாதவர் பெயருக்கு நேரே "பந்து பிளாடருக்கு ஒட்டுப் போட்டார்", "கோல் போஸ்ட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்" என்று எழுதி வரவில் வைத்திருக்கிறார்கள். பாக்கி என்று ஒரு வரி கிடையாது.

இன்று பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. போன கூட்டத்தைப் போதிய உறுப்பினர் வராததால், அதாவது கோரம் இல்லாமல், ஒத்திவைத்தோம். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டுகிறவர்கள் மைதானத்துப் பக்கம் வருவதில்லை. பையனை ஏன் ஆட்டத்தில் இறக்கவில்லை என்று கேட்க மட்டும் போன் வருகிறது. சம்பளம் வாங்காத பயிற்சியாளர், எல்லா வயதுப் பிரிவையும் ஒருவராகவே பார்த்துக்கொண்டு, மைதானக் கோடும் தானே போடுகிறார். பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் ஏட்டில் உள்ளது. சுருக்கமாக, சந்தாவிலும் நன்கொடையிலும் வந்ததைவிட பந்து, ஜெர்சி, வேன் வாடகைக்குப் போனது கொஞ்சம் அதிகம். துண்டு விழுந்ததைச் சிலர் கைப்பணம் போட்டுச் சமாளித்தார்கள்.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், முதலுதவிப் பெட்டி கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கும், வெயில் நாளில் மோர் கொண்டுவந்த தாய்மார்களுக்கும், பயிற்சியாளருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குப் புது வலை வாங்கியே ஆக வேண்டும். பெண் பிள்ளைகள் தங்களுக்கும் ஒரு அணி கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு தாய்மாராவது முன்வர வேண்டும். வரலாற்று மலர் எழுதி முடிகிற நிலையில் இருக்கிறது, அச்சுக்கூலிக்குத்தான் வழியில்லை. செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குச் சம்மதமே, தனியாளாக மட்டும் முடியாது. முழுச் சந்தா கட்ட முடியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஞாயிறு காலை கோடு போட வாருங்கள், அதையும் வரவில் எழுதிக்கொள்கிறேன்.

பழைய புகைப்படம், சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்