மவுசாகலையில் எவ்வளவு தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைச் செய்திகளில் நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தை மட்டும் போடுகிறீர்கள். கொள்ளளவையும் போடுங்கள். அணையின் உயரத்தை வைத்துத் தண்ணீரைக் கணக்கிட முடியாது. விக்டோரியா அணை 122 மீற்றர், ரந்தெனிகலை 94தான். ஆனால் கூடுதலாகத் தேக்குவது ரந்தெனிகலையே, சுமார் 860 மில்லியன் கன மீற்றர். விக்டோரியா சுமார் 720, கொத்மலை 174. எங்கள் மவுசாகலை நீர்த்தேக்கம் சுமார் 120, காசல்ரீ அதில் ஏறக்குறைய பாதி.

இந்த 120இன் அடியில்தான் பழைய மஸ்கெலியா கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோவில் வெளியே தெரியும். அம்மா கரையில் நின்று கும்பிடுவார், கடைத்தெரு இருந்த பக்கத்தைக் கை நீட்டிக் காட்டுவார். என் வகுப்புப் பிள்ளைகளோ, "நம்ம டேம்தானே சேர் பெரிசு?" என்கிறார்கள். அவர்களுக்காகவாவது அந்த எண்களை அச்சிடுங்கள்.

ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா