கணக்கு நோட்டை எடைக்குப் போடாதே

ஹூஸ்டன்
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் மெஸ்ஸை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், அண்டா குண்டானெல்லாம் பாத்திரக்கடைக்கு, நோட்டுப் புத்தகமெல்லாம் எடைக்கு என்று எழுதியிருந்தாயே, படித்ததுமே உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன என்றுதான் பிடிபடவில்லை. நேற்றுதான் பிடிபட்டது. கடைசியில் சொல்கிறேன். அதுவரை பேப்பர்காரரை வாசலோடு நிறுத்தி வை.

நாங்கள் ஒரு வாரம் லூசியானா பக்கம் போயிருந்தோம், ஆர்.வி. எடுத்துக்கொண்டு. முன்னால் வேன், பின்னால் குட்டி வீடு: கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், எல்லாம் 25 அடிக்குள். வாடகைக்கு விட்டவர் சாவியைக் கையில் கொடுத்து, அரைமணி நேரம் ஏதேதோ விளக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நினைவில் நின்றது இரண்டுதான்: ஓட்டும்போது கேஸை மூடு, பாலத்தடியில் போகுமுன் உயரத்தைப் பார். அலமாரிக் கதவுகளைப் பூட்டவேண்டும் என்று சொன்னாரா, நினைவில்லை. முதல் வளைவிலேயே ரசப்பொடி டப்பா தலைகீழாக விழுந்தது. ஒரு வாரமும் வண்டி முழுக்க உங்கள் மெஸ் வாசனை.

ஒரு கேலன் பெட்ரோலுக்கு 9 மைல்கூடத் தரவில்லை. கழிவுத்தொட்டியைக் காலி செய்த கதையை எழுதமாட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டே கடிதம் படிக்கிற ஆள்.

முதல் நிறுத்தம் லஃபாயெட், வாத்தியார் வீடு. ஆமாம், நம் வாத்தியார்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டு, அவன் மட்டும் அரியர் வைப்பானே, அவனேதான். அவன் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, வீட்டு பிளக்கிலிருந்து வயரை இழுத்தோம். ஏ.சி.யைப் போட்டதும் ஃப்யூஸ் போய்விட்டது. வண்டி 30 ஆம்பியர் கேட்கிறது, வீட்டு பிளக் 15தான் தரும். சரி என்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினோம். கொசுவைப் பற்றிக் கேட்காதே.

திங்கட்கிழமை அந்த ஊர் முழுக்கச் சிவப்பு பீன்ஸும் சோறும். அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கிற நாளாம். அடுப்பில் பீன்ஸை ஏற்றிவிட்டால், பெண்கள் பக்கத்தில் நிற்காமல் துவைக்கப் போகலாம், அது பாட்டுக்கு வேகும். துவைக்கிற மெஷின் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பீன்ஸ் மட்டும் கிழமையை விடவில்லை. இதில் பன்றிக்கறி போடுவார்கள். நீ அறிவாய், என் வீட்டம்மாவுக்குக் கறி ஆகாது. அவள் தயிர்சாதம் சாப்பிட்டாள். செவ்வாயும் தயிர்சாதம், புதனும் தயிர்சாதம். அவள் கதை வியாழக்கிழமைதான் மாறியது.

திங்கட்கிழமை மாலை வாத்தியார் கம்போ என்கிற குழம்பு வைத்தான். பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டானாம். மாவையும் எண்ணெயையும் சட்டியில் போட்டுக் கைவிடாமல் கிண்ட வேண்டும். அதற்கு ரூ என்று பிரெஞ்சுப் பெயர். கோதுமை அல்வா கிண்டுகிற மாதிரிதான், நகர்ந்தால் அடிப்பிடிக்கும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாமே என்றேன். 'இது சாம்பார் இல்லடா' என்று கரண்டியை என்னிடம் தராமல் சாக்லேட் நிறம் வரும்வரை கிண்டினான். எவ்வளவு நேரம் என்று கேட்டால், இரண்டு பீர் குடிக்கிற நேரம் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதையும் தவறாமல் அளந்து பார்த்தான்.

அப்புறம் அதில் வெண்டைக்காய் விழுந்தது. 22 வருஷமாக ஹூஸ்டனில் இருக்கிறேன், மூன்றரை மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு வெண்டைக்காய்க் குழம்பு இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு 'கிங்கொம்போ' என்று பேராம், அதுதான் கம்போ ஆயிற்று என்கிறார்கள். வேறு சிலர், குழம்பைக் கெட்டியாக்கப் போடுகிற சாசஃப்ராஸ் இலைப்பொடிக்குச் சாக்டா பழங்குடிகள் வைத்த 'கொம்போ' என்ற பெயர்தான் மூலம் என்கிறார்கள். எப்படியானாலும், சட்டியைக் கிண்டுகிற முறைக்கு மட்டும்தான் பிரெஞ்சுப் பெயர். இன்னொரு விஷயம், அங்கே கம்போவுக்குள் உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

செவ்வாயன்று கிராலி பக்கம் போனோம். அமெரிக்காவின் நெல் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஊர். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள், கண்ணுக்கெட்டிய மட்டும். ஒரு நிமிஷம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே குழம்பிப்போனேன். ஆனால் தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பிக்கூண்டுகள் நிற்கின்றன. அறுவடை முடிந்த வயலில் மறுபடி தண்ணீர் நிறுத்தி கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். சிங்கி இறாலின் குட்டி மாதிரி இருக்கும். நெல்தாள் அழுகி, அதில் உண்டாகிற பூச்சி புழுவைத் தின்று வளர்கிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கூண்டில் பிடித்துவிட்டு, மறுபடி நெல். அறுவடைக்குப் பிறகு வயல் நண்டு பிடிக்கப் போவோமே, அதையே கணக்குப் போட்டுச் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

இந்த நெல்லுக்கு ஒரு கதை உண்டு. 1719இல் லூசியானாவுக்கு முதல் அடிமைக் கப்பல்கள் வந்தன. நெல் விதையோடு, நெல் பயிரிடத் தெரிந்த ஆட்களையும் பிடித்து வரும்படி கப்பல் தலைவர்களுக்கு உத்தரவாம். ஆளை மட்டும் இல்லை, ஆளுக்குத் தெரிந்த வேளாண்மையையும் சேர்த்தே கடத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சாப்பாடு என்றாலே கேஜன் என்பார்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 1755இல் ஆங்கிலேயர்கள் துரத்தியடித்த பிரெஞ்சு மொழிக்காரர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜன்கள். அவர்கள் பட்டதும் பெரும்பாடுதான். ஆனால் அவர்கள் கதை ஊர் ஊராகப் பலகையில் இருக்கிறது. நெல் தெரிந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

புதன்கிழமை ஏவரி ஐலண்ட். தீவு என்று பெயர்தானே ஒழிய, சதுப்பு நிலத்தின் நடுவே பூமிக்கடியிலிருந்து எழும்பி நிற்கிற ஓர் உப்பு மலை. டபாஸ்கோ சாஸ் அங்கேதான் தயாராகிறது, 1868இலிருந்து. மிளகாயை அரைத்து உப்புப் போட்டு ஓக் மரப் பீப்பாயில் அடைத்து, மேலே உப்பையே மூடியாகக் கொட்டி, மூன்று வருஷம்வரை ஊறவைக்கிறார்கள். பிறகுதான் வினிகர். பறிக்கிறவர்கள் கையில் சிவப்புச் சாயம் பூசிய சின்னக் குச்சி ஒன்று இருக்குமாம், அந்த நிறம் வந்த பழத்தை மட்டும் பறிக்க. என் மனைவி பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து, 'இது ஊறுகாய்தானே' என்றாள். ஊறுகாய்தான். மிளகாய் நம் பக்கம் வந்ததே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து, போர்த்துக்கீசியர் கப்பலில். வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றுதான் பலர் சொல்கிறார்கள். நீ ஊர்ப் பெருமை பேசும்போது இதைச் சொல்லிக் கடுப்பேற்ற வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே நியூ ஆர்லியன்ஸ். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஓர் அரசுப் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம். அந்த ஊர்த் தெருக்களில் இந்த யானையைத் திருப்ப எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் அங்கே இருக்கிற நம் கூட்டாளி தூங்குமூஞ்சி, காரில் வந்து கூட்டிப்போனான். முன்னே மாதிரி இல்லை, காலை 6 மணிக்கே வந்து நிற்கிறான். சர்க்கரை வந்ததிலிருந்து நடக்கிறானாம்.

அது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். அந்த ஊரில் அன்றைக்குக் கீரைக் கம்போ. டூக்கி சேஸ் என்று 1941இல் தொடங்கிய உணவகம் ஒன்று இருக்கிறது. லியா சேஸ் என்ற அம்மையார் 2019இல் சாகும்வரை அதன் உயிராக இருந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்காரச் சட்டம் இடங்கொடாத காலத்தில், மாடியில் உரிமைப் போராட்டக்காரர்கள் கூடிப் பேசுவார்கள், இவர் கம்போ போடுவார். இந்த வியாழனுக்கு அங்கே பெரிய கூட்டம் கூடும். நாங்கள் முன்பதிவு செய்யாமல் போய் இடம் கிடைக்காமல் திரும்பினோம். நல்லதாகப் போயிற்று. தூங்குமூஞ்சியின் எதிர்வீட்டு அம்மா விரத முறைப்படி கறியில்லாமல் வைத்திருந்தார். கொலார்ட், கடுகுக்கீரை, டர்னிப் கீரை, பசலை, முட்டைக்கோஸ், பீட்ரூட் இலை, கேரட் தழை, வாட்டர்கிரஸ், பார்ஸ்லி என்று ஒன்பது. எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமாம். எத்தனை கீரையோ, அந்த வருஷம் அத்தனை புது நண்பர்கள் கிடைப்பார்களாம். என் மனைவிக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. நூற்றியொன்று மொய் எழுதுகிற குடும்பம் அல்லவா. மூன்று நாள் தயிர்சாதத்துக்குப் பிறகு இரண்டு கிண்ணம் காலி செய்தாள். அந்த அம்மாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். ஒன்பதில் ஒன்று கணக்காயிற்று.

வெள்ளிக்கிழமை அதிகம் சுற்றவில்லை. இறால் வைத்த போ-பாய் என்கிற ரொட்டி சாப்பிட்டேன். 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு அதே வேலையில் இருந்த மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுத்தார்கள். வேலைநிறுத்தக்காரர் ஒருவர் வரும்போதெல்லாம் 'இதோ இன்னொரு புவர் பாய்', அதாவது ஏழைப் பையன், என்பார்களாம், ரொட்டிக்கு அதுவே பெயராகிவிட்டதாகச் சொல்கிறார்கள். மாலையில் கஃபே டு மாண்ட். 1862லிருந்து இருக்கிற கடை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகத்தை முற்றுகையிட்டதும் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு, அதனால் சிக்கரியைக் கலந்தார்கள். தட்டுப்பாடு போயும் நாக்கு விடவில்லை. அந்தக் கடையின் காபிப்பொடி டப்பாதான் இத்தனை வருஷமாக என் வீட்டு ஃபில்டரில் இறங்குகிறது. இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் வீட்டில் அதே டப்பாதான். கும்பகோணம் டிகிரி காபி என்று நான் பீற்றிக்கொண்டது பாதி நியூ ஆர்லியன்ஸ்.

சரி, இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

திரும்பும் வழியில் வாலஸ் என்ற ஊரில் விட்னி தோட்டம். பழைய கரும்புத் தோட்டம். 2014இல் அதை மியூசியமாகத் திறந்தபோது, முதலாளி மாளிகையைக் காட்டுவதைவிட, அங்கே அடிமைகளாக இருந்தவர்களைப் பற்றிச் சொல்வதுதான் வேலை என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே பெரிய பெரிய இரும்புக் கொப்பரைகள் கிடக்கின்றன. நம் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைதான். கொதிக்கிற பாகை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கையால் மொண்டு ஊற்றினார்கள், ராத்திரி பகலாக. இந்தக் கொடுமையைக் குறைக்கிற கருவிக்கு 1843இல் காப்புரிமை வாங்கிய நோர்பர்ட் ரில்லியூ அதே நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். எனக்கு நம் ஆட்கள் ஞாபகம். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப் போனதும் கரும்புக்காகத்தான்.

அங்கே கருங்கல் சுவர்கள் இருக்கின்றன, முழுக்கப் பெயர்கள். லூசியானாவில் அடிமைகளாக இருந்த 1,07,000 பேர். க்வெண்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்று ஆசிரியர் வருஷக்கணக்கில் தேடித் திரட்டிய பட்டியல். எங்கேயிருந்து தேடினார் தெரியுமா? விற்பனைப் பத்திரம், உயில், சொத்துக்கணக்கு. மாடு இத்தனை, கொப்பரை இத்தனை, ஆள் இத்தனை என்று முதலாளிகள் எழுதிவைத்த கணக்கிலிருந்து. அதில் சிலருக்குப் பக்கத்தில் என்ன வேலை தெரியும் என்றும் எழுதியிருக்கும்: தச்சர், கொல்லர், சமையல்காரி. தனியாக ஒரு சமையல்கட்டும் அங்கே நிற்கிறது. அதன் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு வாரமாக நான் சாப்பிட்டதெல்லாம் இப்படி ஓர் அடுப்பிலிருந்து வந்ததுதான் என்று தோன்றியது.

திரும்பும்போது அட்சஃபலாயா சதுப்பின் மேல் 18 மைல் நீளப் பாலம். காற்று வண்டியை ஓரமாகத் தள்ளுகிறது, நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அப்போது பார்த்து இவள் கேட்கிறாள்: 'உங்க ஃப்ரெண்டு வீட்டு மெஸ்ல சமைச்சது அவங்கம்மாவா?'

இல்லை என்றேன். அம்மா கல்லாவில் இருப்பார், பரிமாறுவார், கடனைக் கேட்கமாட்டார். சமைத்தது ஓர் அக்கா. பின்கட்டில், ஆட்டுக்கல் பக்கத்தில். வத்தக்குழம்பை அவர்கள் மாதிரி யாராலும் வைக்க முடியாது.

'அவங்க பேரென்ன?'

மாப்ளே, அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. 18 மைலும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நாலு வருஷம் அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறோம். அரைக்கிற அக்கா, அரைக்கிற அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறோம். வாத்தியாருக்கு ஃபோன் போட்டேன், தெரியவில்லை. தூங்குமூஞ்சிக்கும் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

உங்கம்மா சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் கொடுத்து நோட்டில் எழுதுவார். நீலப் பைண்டு போட்ட நீள நோட்டு, நான் பார்த்திருக்கிறேன். பருப்பு, புளி, விறகு, அப்புறம் ஆள் சம்பளம். அதில் ஒரு பெயர் இருக்கும். வெறும் 'அக்கா' என்றே எழுதியிருந்தால்கூட, எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வாரம் வரவில்லை என்பதாவது இருக்கும். அண்டாவைப் போட்டுக்கொள். நோட்டைப் போடாதே. கிடைத்ததும் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பு.

வண்டியை நாளைக் காலை 10 மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரசப்பொடி இன்னும் கார்ப்பெட்டை விட்டுப் போகவில்லை, இவள் உள்ளே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிடுகிறாள், போகிறேன்.

உன் மச்சான்