செயலாளர் ஆண்டறிக்கை: கேஸ் டிஸ்கஷன் எந்த ஆப்ல?

தலைவர் அவர்களுக்கும் மூத்த டாக்டர்களுக்கும் மேற்படிப்பு படிக்கிற பிஜி, பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம். மாசக் கூட்டம் எல்லாம் தவறாம நடந்துச்சு, கணக்கு வழக்க பொருளாளர் வாசிப்பாரு. இந்த வருஷம் சங்கத்துல அதிகமா பேசினது, வகுப்பையும் கேஸ் டிஸ்கஷனையும் எந்த ஆப்ல வச்சுக்கலாம்ங்கிறதப் பத்தித்தான்.

வாட்ஸ்அப்ப விட முடியாதுங்க, நைட் டியூட்டில ஒரு ஈசிஜி போட்டா சீனியர் யாராவது உடனே பாத்து பதில் சொல்லிடுறாங்க, அந்த வேகம் வேற எதுலயும் இல்ல. ஆனா சும்மா போட்டோவா அனுப்பினா படத்த சுருக்கிடுது, ஈசிஜில சின்ன கட்டம் 1 மில்லிமீட்டர்தான், மாரடைப்புக்குப் பாக்குற எஸ்டிங்கிற பகுதி ஒரு கட்டம் ஏறியிருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வியே, அந்தக் கோடே மங்கிப்போனா எத வச்சு சொல்லிக் குடுக்கிறது? டாகுமெண்ட்டா அனுப்புங்க, தெளிவா வரும். அப்புறம் குட்மார்னிங், பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவுல நல்ல டிஸ்கஷன் எல்லாம் காணாமப் போயிடுது, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

பாடத்துக்கு டெலிகிராம்தான் சரின்னு எனக்குப் படுது. 2 ஜிபி வரைக்கும் ஃபைல் போடலாம், 2020ல வந்த க்விஸ் வசதில பதில தட்டினதுமே சரியா தப்பான்னு காட்டி விளக்கமும் குடுக்குது, பசங்க ஆசையா செய்யுறாங்க. திருட்டு பிடிஎஃப் மட்டும் நம்ம குரூப்ல வேண்டாம்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல டியூப் போடுறது), எல்பி (முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கிறது) மாதிரி கைவேலைக்கு யூடியூப், நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம், போட்டவரு யாருன்னு மட்டும் பாத்துக்கணும். எக்ஸ் தளம் (பழைய ட்விட்டர்) உலக அளவுல பேச நல்லது, 2012ல டப்ளின் மாநாட்டு சமயத்துல எமர்ஜென்சி டாக்டருங்க பேர் வச்ச ஃபோம், அதாவது மருத்துவப் பாடத்த எல்லாருக்கும் இலவசமா குடுக்கிற இயக்கம் அங்கதான் வளந்துச்சு. ரீல்ஸ் பொதுமக்கள் விழிப்புணர்வுக்கு போதும், பாடத்துக்கு பத்தாது.

எந்த ஆப்பா இருந்தாலும் எக்ஸ்ரே மூலைல இருக்கிற பேரையும் ஐபி நம்பரையும் (உள்நோயாளி எண்) மறைச்சிட்டுத்தான் போடணும், மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, அந்தப் பக்கத்தையே வெட்டிடுங்க. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்ல கொண்டுவந்த சோஷியல் மீடியா விதிங்கள அதே மாசம் நிறுத்தி வச்சுட்டாங்க, அதனால எதுவும் போடலாம்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல, மருத்துவக் கவுன்சிலோட 2002 விதிப்படியே நோயாளி ரகசியத்த வெளிய விடக்கூடாது, அடையாளம் தெரியிற மாதிரி படம் போடணும்னா அவங்க சம்மதம் வேணும். நம்மள நம்பி சட்டைய கழட்டிக் காட்டினவங்க அவங்க.

வர்ற வருஷம் வாட்ஸ்அப்ல அவசர சந்தேகம் மட்டும், பாடமும் க்விஸும் டெலிகிராம்லன்னு பிரிச்சுக்கலாம்னு செயற்குழு சொல்லுது, உங்க ஒப்புதலுக்கு வைக்கிறேன். குரூப்ப பாத்துக்க பிஜில ரெண்டு பேர் வேணும், விருப்பம் இருக்கிறவங்க டீக்கு முன்னாடி பேர் குடுத்துடுங்க.