கடல் பாம்பு கடித்த எங்கள் அண்ணனைக் காப்பாற்றிய எல்லோருக்கும் நன்றி

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், நேற்று படிக்காமல் விளையாடிய பிள்ளைகளைச் சத்தம்கூடப் போட்டார். விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அம்மா. "வீடு வீடாப் போயி எல்லாருக்கும் சொல்ல முடியாதுப்பா, நீ எழுதிப் போடு, ஒருத்தரையும் விட்டுறாத" என்று பிடித்துக்கொண்டது. யாருடைய பெயரையும் நான் போடவில்லை, அவரவருக்கு அவரவர் செய்தது தெரியும்.

அண்ணனோடு படகில் இருந்தவர்களுக்குத்தான் முதல் நன்றி. நாட்டுப்படகில் போயிருந்தார்கள். விடியற்காலையில் வலையிலிருந்து மீன் எடுக்கும்போது அண்ணன் கையில் ஏதோ குத்தியிருக்கிறது. கெளுத்தி குத்தினால் கை விண்ணென்று தெறிக்கும், நம் ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும், ஆனால் இதில் பெரிய வலியே இல்லை, வீக்கமும் இல்லை, சின்னதாக இரண்டு புள்ளி மட்டும். வலைக்குள்ளே தட்டை வாலோடு பாம்பு நெளிந்ததைக் கவனித்தது பக்கத்தில் நின்ற பையன்தான். அவன் பதறாமல் போனில் ஒரு படம் எடுத்திருக்கிறான். அந்த ஒரு படம் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று பின்னால் சொல்கிறேன்.

பாதி வலை அப்போதும் தண்ணீரில்தான் கிடந்தது, அதை அறுத்துவிட்டு இஞ்சினைத் திருப்பியிருக்கிறார்கள். வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி இன்றுவரை அந்த வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுமட்டுமில்லை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று மதினி கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போனவரும் அவர்தான். கயிறு போட்டு கையை இறுக்கிக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னபோது வேண்டாம் என்று தடுத்து, கையை ஆட்டாமல் படுக்கவைத்தே கொண்டுவந்தார்களே, அதற்கும் நன்றி. கட்டுப் போட்டால் விஷம் நிற்காது, ரத்த ஓட்டம் நின்று கைதான் கெட்டுப்போகும் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

கரைக்கு வந்ததும் ஓர் இடத்தில் காட்டினோம், பெயர் வேண்டாம். வீக்கம் இல்லை, பல் தடமும் தெளிவாக இல்லை, விஷம் ஏறவில்லை என்று டி.டி. ஊசி மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடல் பாம்புக் கடியின் ஆபத்தே இதில்தான் இருக்கிறது என்பது அப்புறம் தெரிந்தது. கடித்த இடம் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், தொடை என்று உடம்பு முழுக்கத் தசை வலிக்க ஆரம்பிக்கும், தாடை இறுகும், நாக்கு தடிக்கும். மதினி டீ கொடுத்தபோது அண்ணனால் வாயைத் திறக்க முடியவில்லை. அதைப் பார்த்த அந்த நிமிடமே யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் போட்டது மதினிதான். கூட ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மதினிக்குக் கடிதத்தில் நன்றி சொல்வதா என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லத்தான் வேண்டும்.

108 வண்டியில் வந்த மருத்துவ உதவியாளருக்கும் வண்டி ஓட்டிய பைலட்டுக்கும் நன்றி. வண்டி கிளம்பும்போதே நரம்பில் ஊசி ஏற்றி, போனில் இருந்த பாம்புப் படத்தைப் பார்த்துவிட்டு, கடல் பாம்புக் கடி, தாடை இறுக்கம், இன்ன நேரத்தில் வந்து சேருவோம் என்று ராமநாதபுரத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார் அந்த உதவியாளர். பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது காற்று பலமாக இருந்தது, வண்டி ஒரு ஆட்டம் ஆடாமல் போனது. 1988-ல் ரோட்டுப் பாலம் வருவதற்கு முன்னால் ரயில் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நோயாளியைக் கரை சேர்ப்போம் என்று அப்பத்தா சொல்லும். 108-உம் 2008-ல் வந்ததுதான். இதெல்லாம் எப்போதும் இருந்தது மாதிரி நமக்குப் பழகிவிட்டது, ஆனால் அன்றைக்கு இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அண்ணன் இல்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2022-ல் திறந்த கல்லூரி, புதுசு என்று நாம் லேசாகப் பேசுகிறோம், அங்கே நான் பார்த்த கவனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே போனதும் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தார்கள், உறைகிறதா என்று பார்க்க. இன்னொரு பக்கம் இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டரம்மா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி வாலைத்தான் பார்த்தார். துடுப்பு மாதிரி தட்டை வால், சந்தேகமே இல்லை என்றார்.

பிறகுதான் சத்தம் வந்தது. பாம்புக் கடிக்கு ஊசி போடவில்லையே என்று எங்கள் ஆட்கள் கத்த, அம்மா அழ, வெளியே நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, அந்த இடமே ரணகளமாகிவிட்டது. வேறு யாராவது இருந்தால் எங்களை வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். அந்த டாக்டரம்மா கூட்டத்தைப் பார்க்கவில்லை, அம்மாவை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அம்மா, நம்மகிட்ட இருக்கிற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அது கேக்காது. போட்டா பிரயோஜனமும் இல்ல, அலர்ஜி ஆனா அது தனி ஆபத்து. நான் சும்மா இருக்கல, உங்க மகனோட இதயத்தையும் கிட்னியையும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்." அம்மா அழுகையை நிறுத்திவிட்டது. கூட்டத்துக்குப் பயந்து பேருக்கு ஒரு ஊசியைப் போட்டிருந்தால் எல்லோரும் அமைதியாகியிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அந்த விஷம் தசையை உடைக்குமாம். உடைந்த தசையிலிருந்து வருவது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். டியூப் போட்டபோது வந்த சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் டயாலிசிஸ் தேவைப்படும், மூச்சு பலவீனமானால் வென்டிலேட்டரும் வேண்டியிருக்கும், மதுரைக்குப் போவதுதான் நல்லது என்று முடிவெடுத்து, போய்ச் சேரும் முன்பே அங்கே பேசி, என்ன செய்தோம், எவ்வளவு சலைன் ஏற்றினோம் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். 110 கிலோமீட்டருக்கு மேல். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் எல்லாம் எப்போது வந்தது எப்போது போனது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அப்பத்தா இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். கோரிப்பாளையத்தில் வண்டி திரும்பும்போது, அவ்வளவு பெரிய இடத்தில், அத்தனை கூட்டத்தில், கடற்கரை ஊரிலிருந்து வந்த எங்களை யார் கண்டுகொள்வார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. பேர் கேட்டார்கள், தாளை வாங்கினார்கள், உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

முதல் நாள் இரவு அண்ணனைப் பார்த்துக்கொண்ட, மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டருக்குச் சின்ன வயசு, என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து, "அண்ணே, ஒரே மூச்சுல எண்ணுங்க பாப்போம்" என்பார். தாடை இறுகியிருந்ததால் அண்ணன் பல்லுக்குள்ளேயே ஒண்ணு, ரெண்டு, மூணு என்று முணுமுணுப்பார். எவ்வளவு தூரம் எண்ணுகிறார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, கண் இமை சரிகிறதா, இது மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். மூச்சுத் தசை பலமிழக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழியாம். மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தாலும், அவர் வந்து கேட்கிற அந்த ஒரு கேள்விதான் எங்களுக்குத் தெம்பு. வென்டிலேட்டர் வைக்கும் நிலை வரவில்லை, கடவுள் புண்ணியம்.

ஐ.எம்.சி.யூ. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவு சிஸ்டர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மணிக்கு மணி சிறுநீர் பையிலிருந்து அளவு ஜாடியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுவார்கள். ஒரு நாள்கூட ஒரு மணிகூட அந்தத் தாளில் கட்டம் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. அதில் மூத்த சிஸ்டர் ஒருவர், அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்கம்மா, இந்த நிறம் வெளுக்க வெளுக்க உங்க மகன் வீட்டுக்கு வரப்போறார்னு அர்த்தம்" என்று காட்டிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மாவுக்கு அதற்கப்புறம் ஒரு ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை. கிரியாட்டினின், சி.பி.கே. என்று நான் ஒரு பக்கம் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருக்க, அம்மா பையைப் பார்த்துவிட்டு "இன்னைக்குத் தேவலைடா" என்று சொல்லும், சரியாகவும் இருக்கும்.

டயாலிசிஸ் பிரிவில் இருந்த டெக்னீஷியன்களுக்கும் சிறுநீரகப் பிரிவு டாக்டர்களுக்கும் நன்றி. இனி வாழ்நாள் பூராவும் இதுதானா என்று அண்ணன் பயந்தபோது, உங்களுக்கு இது கொஞ்ச காலத்துக்குத்தான், கிட்னி தூங்குகிறது, எழுந்துகொள்ளும் என்று தைரியம் சொன்னார்கள். சொன்ன மாதிரியே சிறுநீர் கூடிக்கொண்டே வந்தது, டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் சிகிச்சைக்கு என்று நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை. எங்களுக்கு ஆனதெல்லாம் போக்குவரத்தும் சாப்பாடும்தான், அதிலும் பாதி நாள் அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லி.

ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணாச்சி ஒருவர், ஒப்பந்த ஊழியர், டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் மேடு பள்ளம் வரும் இடத்தில் நின்று மெதுவாக ஏற்றி இறக்குவார், தசை வலியில் அண்ணன் துடிப்பார் என்று அவருக்குத் தெரியும். அம்மா மடியிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டியபோது, "நீங்க டீ குடிக்க வச்சுக்கோங்கம்மா" என்று அம்மா கையை மடக்கிவிட்டுப் போய்விட்டார். வார்டைக் கூட்டித் துடைத்த அக்காமார்களுக்கும் நன்றி. அப்புறம், பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு இருந்த உசிலம்பட்டி அம்மா. தன் பாயில் பாதியை எங்கள் அம்மாவுக்குக் கொடுத்து, இரவில் ஒருவர் தூங்க ஒருவர் விழித்து இரண்டு நோயாளியையும் பார்த்துக்கொண்டார்கள். இப்போதும் போனில் பேசிக்கொள்கிறார்கள். கருவாடு அனுப்ப வேண்டுமாம், விலாசம் வாங்கித் தரச் சொல்லி அம்மா நச்சரிக்கிறது.

ஊரில் கோயிலில் பூசைக்குக் கொடுத்தவர்கள், பள்ளிவாசலில் துஆ செய்தவர்கள், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய தெருக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு அம்மா நேர்ந்திருக்கிறது, அண்ணன் நன்றாகத் தேறியதும் குடும்பத்தோடு போகிறோம்.

இதோடு அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் வைத்துக்கொள்கிறேன். தரைப் பாம்புக் கடிக்கு மருந்து செய்ய மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் மக்கள், 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கிறது. கடல் பாம்புக்கு ஆஸ்திரேலியாவில் மருந்து தயாரிக்கிறார்கள், நம் நாட்டில் அப்படி ஒன்று தயாராவதில்லை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் தினமும் வலையில் கை வைக்கிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம். அந்த மருந்தை வரவழைத்தோ இங்கேயே செய்தோ நம் கடலோர ஆஸ்பத்திரிகளில் வைக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். அதுவரைக்கும் கடலுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது, வலிக்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். முடிந்தால் தள்ளி நின்று ஒரு படம், கையை அசைக்காமல் கரை, அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. கூட இருப்பவர்கள் சிறுநீர் நிறத்தைப் பாருங்கள்.

அண்ணன் இன்னும் மறுபரிசோதனைக்கு மதுரை போய் வர வேண்டியிருக்கிறது. வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், மதினி அதில் ரொம்பக் கறார். கடலுக்குப் போவதைப் பற்றி டாக்டர் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்திலிருந்து யாராவது மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகிறீர்கள், வழி தெரியவில்லை, துணைக்கு ஆள் இல்லை என்றால் பாம்பனில் எங்கள் வீட்டில் வந்து கேளுங்கள். எந்த வாசலில் இறங்குவது, எந்தத் தாளைக் கையில் வைத்திருப்பது எல்லாம் எனக்கு இப்போது தெரியும். கூடவே வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா, மதினி, பிள்ளைகள் சார்பாகத் தம்பி,
பாம்பன்